நார்மல் மேடத்தின் ஆலோசனை நோட்டு

நர்சிங் கல்லூரியின் இரண்டாவது மாடியில், எலும்புக்கூடு நிற்கும் வகுப்பறைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன அறை இருந்தது. கதவில் ‘மாணவியர் ஆலோசனை அறை’ என்று பலகை. உள்ளே ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, அழ வருகிறவர்களுக்காக ஒரு பெட்டி டிஷ்யூ காகிதம். பெட்டியில் பாதி தீர்ந்திருந்தது. அவ்வளவும் மேடத்தின் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தே தீர்ந்தது.

அந்த மேடத்துக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. மாணவிகள் வைத்த பெயர்தான் கல்லூரி முழுக்கப் புழங்கியது: நார்மல் மேடம். யார் எதைச் சொன்னாலும் அவர் பேனா ‘நார்மல்’ என்றுதான் எழுதும். தூக்கம் நார்மல், பசி நார்மல், மனநிலை நார்மல். இந்தப் பட்டப்பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. தன்னுடைய நிதானத்தைப் பாராட்டி வைத்த பெயர் என்று எடுத்துக்கொண்டார். அப்படி எடுத்துக்கொள்வதற்கும் ஒரு தெம்பு வேண்டும்.

அவரும் ஒரு காலத்தில் வார்டில் வேலை பார்த்தவர்தான். பதினொரு வருஷம். அந்தப் பதினொரு வருஷத்தில் அவர் கைதேர்ந்தது ஒரே வித்தையில்: கட்டிலிலிருந்து கூப்பிட்டால் காதில் விழாத தூரத்தில், ஆனால் டாக்டர் வந்தால் கண்ணில் படுகிற இடத்தில் நிற்பது. பிறகு மேற்படிப்பு முடித்து ஆசிரியையாக வந்துவிட்டார். நோயாளிகள் தப்பித்தார்கள்.

கரும்பலகை முன்னால் நின்றால் அவரைக் குறை சொல்ல முடியாது, அதையும் சொல்லிவிட வேண்டும். நோயாளியின் பதிவில் தப்பாக எழுதிவிட்டால் அழிக்கக் கூடாது, வெள்ளை மை பூசக் கூடாது. குறுக்கே ஒரே ஒரு கோடு போட வேண்டும், கோட்டுக்கு அடியில் இருப்பது படிக்கத் தெரிய வேண்டும், பக்கத்தில் ‘பிழை’ என்று எழுதிக் கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். ஒவ்வாமை இருந்தால் அதை முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுத வேண்டும், அந்த மைக்கு வார்டில் வேறு வேலை கிடையாது. ஒன்றைச் செய்வதற்கு முன்னாலேயே செய்ததாக எழுதுகிறவள் நர்ஸே இல்லை. இந்தக் கடைசி விஷயத்தை அவர் மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லுவார். முன்வரிசைப் பெண்களின் பேனாக்கள் உருண்டு கீழே விழும்.

ஒரு வருஷம் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நர்சிங் படிக்கிற பெண்கள் மனம் நொந்து பாதியில் ஓடிவிடுகிறார்களாம். ஆகவே ஆசிரியை ஒருவருக்கு இருபது மாணவிகள். மாதம் ஒரு முறை ஒவ்வொருத்தியோடும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேச வேண்டும். ஆளுக்கு ஒரு நோட்டுப் போட்டு, கேட்டதையும் சொன்னதையும் அதில் எழுதி வைக்க வேண்டும்.

மேடம் இந்த வேலையை ஒரே விடுமுறை நாளில் முடித்தார். வருஷம் முழுவதற்கும். காலையில் குளித்துவிட்டு உட்கார்ந்தவர், இருபது நோட்டு, நோட்டுக்குப் பன்னிரண்டு மாதம் என்று சாயங்காலத்துக்குள் எழுதித் தள்ளினார். எல்லாம் ஒரே நாளில் எழுதியது என்று யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று மூன்று பேனாக்களை மாற்றி மாற்றிப் பிடித்தார். மழை மாதங்களில் எழுத்தைக் கொஞ்சம் கலங்க விட்டார். அங்கங்கே டீ டம்ளரை வைத்து வட்டம் போட்டார். இத்தனை அக்கறையை அவர் எந்தக் கட்டிலுக்குப் பக்கத்திலும் காட்டியது கிடையாது.

மறுநாள் இருபது பேரையும் வராந்தாவில் வரிசையாக நிறுத்தி ஆளுக்குப் பன்னிரண்டு கையெழுத்து வாங்கினார். வரப்போகிற மாதங்களின் தேதிகளைப் பார்த்து ஒருத்தி பேனாவோடு தயங்கி நின்றாள். “படிச்சுப் பாக்க என்னம்மா இருக்கு? எல்லாம் நல்லதாத்தான் எழுதியிருக்கேன்” என்றார் மேடம்.

அப்படித் தயங்கியவளுக்கு மைக் என்று பெயர். ரகசியம் பேசினாலும் மூன்று அறைக்குக் கேட்கிற தொண்டை. அவள் விடுதி அறையில் கூட இருந்தவள் நெட்டை. நிலைப்படியில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்து குனிந்து, நிலைப்படி இல்லாத இடத்திலும் குனிந்தே நிற்கிறவள். இருவரும் மேடத்தின் இருபதில் இரண்டு பேர்.

சில மாதம் கழித்து ஒரு மதிய வேளையில் மைக், நெட்டையைக் கையைப் பிடித்து ஆலோசனை அறைக்கு அழைத்து வந்தாள். மேடம் உள்ளே தன் தங்கையோடு போனில் திரைச்சீலைக்கு என்ன நிறம் எடுப்பது என்று பேசிக்கொண்டிருந்தார். விஷயம் லேசில் முடியவில்லை. நாற்பது நிமிஷம் பெண்கள் வெளியே நின்றார்கள். அதற்குப் பிறகு உள்ளே வரச் சொன்னார்.

மைக் முழங்கையால் இடித்த பிறகு நெட்டை துண்டு துண்டாகச் சொன்னாள். ஏழாம் கட்டிலில் ஒரு பெரியவர், அவளை ‘நெட்டை டாக்டர்’ என்று கூப்பிடுகிறவர். போன வாரம் ஒரு காலையில் அவருக்கு நாடி பார்க்கப் போனாள். விரலில் ஒன்றும் தட்டுப்படவில்லை. கையை மாற்றிப் பார்த்தாள், அப்போதும் இல்லை. பின்னாலிருந்து சீக்கிரம் சீக்கிரம் என்று யாரோ விரட்டினார்கள்.

“கிடைக்காத நாடிக்கு எழுபத்திரண்டுன்னு எழுதிட்டேன் மேடம். அரை மணி நேரத்துல அவர் போயிட்டார்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றி ஒரு டிஷ்யூவை உருவித் துடைத்தார்.

“இதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்? எல்லாரும் எழுபத்திரண்டுதான் எழுதறாங்க. போற உசுரு போகத்தான் போகுது. இதை வெளியில சொல்லிக்கிட்டுத் திரியாதே, உனக்குத்தான் கெட்ட பேரு. நல்லா சாப்பிடு, நல்லா தூங்கு. போ.”

மொத்தம் இரண்டு நிமிஷம். அவர்கள் போன பிறகு, அந்த மாதத்துக்கு என்ன எழுதியிருக்கிறோம் என்று நோட்டைப் புரட்டிப் பார்த்தார். ‘உற்சாகமாக இருக்கிறாள்’ என்று இருந்தது. திருத்துவதற்கு அவசியம் எதுவும் அவருக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு நெட்டை என்ன ஆனாள் என்று மேடம் கேட்கவில்லை. வருகைப் பதிவு எடுக்கும்போது அவள் பெயருக்குப் பதில் வராது. ஊருக்குப் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார். அவள் போனது ஊருக்கு அல்ல. கல்லூரியை ஒட்டியிருக்கும் அதே ஆஸ்பத்திரியில், மனநலப் பிரிவில் படுத்திருந்தாள். மேடம் தினமும் மதியச் சாப்பாட்டுக்குப் போகிற பாதையில், இடது பக்கம் மூன்றாவது ஜன்னல்.

வருஷக் கடைசியில் பரீட்சைக்குத் தகுதியானவர்கள் பட்டியல் ஒட்டினார்கள். நெட்டை பெயர் இல்லை. வருகை முப்பது நாளுக்கு மேல் குறைந்திருந்தது. பிரின்சிபால் அம்மா கறாரானவர். உடம்பு சரியில்லாமல் போனால் மன்னிப்பு உண்டு, ஆனால் மனசு சரியில்லாமல் போனால் அது ஆலோசகருக்கு முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும், அவர்தான் சிகிச்சைக்கு அனுப்பியிருக்க வேண்டும், அது அவர் நோட்டில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்தப் பெண் மறுபடியும் அதே வருஷத்தைப் படிக்க வேண்டியதுதான். திங்கட்கிழமை பத்து மணிக்கு நோட்டு தன் மேஜைக்கு வர வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மைக் தனியாக ஆலோசனை அறைக்கு வந்தாள். நெட்டை இன்னொரு வருஷம் அதே வகுப்பில் உட்கார மாட்டாள், வீட்டுக்குப் போய்விடுவாள், போனால் திரும்ப வர மாட்டாள் என்று சொன்னாள். நோட்டில் உண்மையை எழுதித் தரச் சொன்னாள்.

“நோட்டுல இருக்கறதுதான் உண்மை. அவ நல்லாத்தானே இருந்தா” என்றார் மேடம்.

“பதினாலாம் தேதி உற்சாகமா இருக்கான்னு எழுதியிருக்கீங்க மேடம். அன்னைக்கு அவ பக்கத்துக் கட்டடத்துல படுத்திருந்தா. கேஸ் ஷீட் இருக்கு. பிரின்சிபால் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பார்த்தாங்கன்னா?”

வழக்கமாக மைக்கின் குரல் எலும்புக்கூடு வரைக்கும் கேட்கும். அன்றைக்கு மேஜையைத் தாண்டவில்லை. மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். போகப்போவது ஒரு பெண்ணின் வருஷம் என்றுதான் அதுவரை நினைத்திருந்தார். அதனால் நிம்மதியாகவே இருந்தார். இப்போது தன்னுடைய வேலையும் அந்தக் கயிற்றில்தான் தொங்குகிறது என்று தெரிந்ததும் அவருக்கு மாணவிகள் மேல் பாசம் பொங்கிக்கொண்டு வந்தது. உட்காரும்மா என்றார்.

மைக் உட்காரவில்லை. பையிலிருந்து பழுப்பு அட்டை போட்ட ஒரு தடித்த நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்தாள். அறைத்தோழிகள் நான்கு பேர் நெட்டையைப் பார்த்துக்கொள்ள டியூட்டி போட்டிருந்தார்கள். காலை ஒருத்தி, மாலை ஒருத்தி, இரவுக்கு இரண்டு பேர். வார்டில் ஒரு நோயாளியை எப்படி ஒப்படைப்பார்களோ அப்படி, சாப்பிட்டது, தூங்கியது, பேசியது எல்லாம் நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அடுத்தவளிடம் ஒப்படைத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒரு வேளை விட்டுப்போகவில்லை.

“இதைப் பார்த்து நீங்க எழுதினதா எழுதிக்கோங்க மேடம். நாங்க எழுதினா டைரி. நீங்க எழுதினாத்தான் ரெக்கார்டு.”

“உங்களுக்கு இதுல…”

“எங்களுக்கு அவ இருந்தா போதும். நோட்டைத் திங்கட்கிழமை காலையில திருப்பிக் குடுத்துடுங்க.”

ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு முடிந்ததும் மேடம் சாப்பாட்டு மேஜையைத் துடைத்து, புதிய ஆலோசனை நோட்டு ஒன்றை விரித்து, மூன்று பேனாக்களையும் எடுத்து வைத்துக்கொண்டு கணவரைக் கூப்பிட்டார். கணவர் மின்சார இலாகாவில் வீடு வீடாகப் போய் மீட்டர் பார்ப்பவர். தெளிவாகப் படிக்கிற குரல். “நீங்க படிச்சுக்கிட்டே வாங்க, நான் எழுதிக்கறேன்” என்றார் மேடம். முதல் பக்கத்தைத் தள்ளிவிட்டு, தேதி போட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கச் சொன்னார்.

கணவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். காலை நான்கு வாய் சாப்பிட்டாள். தூக்கம் மூன்று மணி நேரம். குளிக்கும்போது அழுகிறாள், தண்ணீர்ச் சத்தத்தில் வெளியே கேட்காது என்று நினைக்கிறாள், கேட்கிறது.

“நீ குளியலறை வாசல்லயா நின்னுக்கிட்டிருந்தே?” என்று கேட்டார் கணவர்.

“ஆலோசகரின் கவனத்துக்கு வந்ததுன்னு எழுதிக்கறேன். மேல படிங்க.”

மாலை டியூட்டி. மொட்டைமாடிச் சாவியை வார்டனிடம் கேட்டு வாங்கி நாங்களே வைத்துக்கொண்டோம். வார்டன் காரணம் கேட்கவில்லை. மேடம் ‘நாங்களே’ என்பதை ‘ஆலோசகரின் உத்தரவுப்படி’ என்று மாற்றிக்கொண்டார். இப்படி மாற்ற மாற்ற அவருக்கே கை சூடு பிடித்தது. ஒரு கட்டத்தில், எவ்வளவு பாடுபட்டிருக்கிறேன் என்று தோன்றவும் செய்தது.

அடுத்த பக்கம் புரட்டிய கணவர் நிறுத்தினார்.

“என்ன?”

“இது வேணாம்னு தோணுது.”

“படிங்கன்னா படிங்களேன்.”

அவர் மீட்டர் எண்ணைப் படிக்கிற குரலிலேயே படித்தார். “ஆலோசனை அறைக்கு அழைத்துப்போனோம். வெளியே நாற்பது நிமிடம். உள்ளே இரண்டு நிமிடம். போவதற்கு முன் நாடி எண்பத்தெட்டு. வந்த பிறகு நூற்றுப் பதினாறு. சாயங்காலம் ஒன்றும் சாப்பிடவில்லை. எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள் என்றால் நான் யாரிடம் போய்ச் சொல்வது என்று கேட்டாள். மறுநாள் மனநல டாக்டரிடம் கூட்டிப்போவது என்று முடிவு செய்தோம்.”

மேடம் பேனாவின் மூடியைப் போட்டுத் திறந்தார். பிறகு சொல்லிக்கொண்டே எழுதினார்: “மாணவி மனம் திறந்து பேசினாள். ஆறுதல் அளிக்கப்பட்டது. மனநலப் பிரிவுக்கு அனுப்பப்பட்டாள்.”

கணவர் பக்கத்தைப் புரட்டினார். படித்துக்கொண்டே போனார். மருந்து ஆரம்பித்தது, கை நடுங்கியது, குறைந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பி வந்தாள். அப்புறம் ஒரு நாள், டாக்டரைக் கேட்டுக்கொண்டு, வார்டு சிஸ்டரிடம் அவளைக் கூட்டிப்போயிருக்கிறார்கள். எழுபத்திரண்டைப் பற்றி அவளே சொன்னாள். சிஸ்டர் வாய்க்கு வந்தபடி திட்டினார், நாடி கிடைக்கவில்லை என்றால் கத்தியிருக்க வேண்டும் என்றார். அப்புறம் உட்கார வைத்து டீ கொடுத்து, கிடைக்காத நாடியை எங்கே தேடுவது என்று தன் கழுத்திலேயே விரலை வைக்கச் சொல்லிக் காட்டினார். பழைய பதிவை எடுத்து, கோடு போட்டுத் திருத்த வைத்தார். அன்று ஆறு மணி நேரம் தூங்கினாள்.

“திட்டு வாங்கிட்டு எப்படித் தூங்கினா?” என்றார் கணவர், பாதி தனக்குள்.

மேடத்துக்கும் அது புரியவில்லை. புரியாததை விட்டுவிட்டு ‘ஆலோசகரின் அறிவுரைப்படி வார்டு சிஸ்டரைச் சந்தித்தாள்’ என்று எழுதினார்.

எல்லாம் முடிந்து, மீதி மாதங்களைப் பழைய நோட்டிலிருந்து இறக்கிய பிறகு, முகப்புப் பக்கத்தில் நிரப்ப வேண்டிய விவரங்கள் மிச்சமிருந்தன. முதல் பக்கத்தைப் பார்த்துச் சொல்லச் சொன்னார். கணவர் வகுப்பு, அறை எண், ரத்த வகை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார்.

“ஒவ்வாமைன்னு ஒண்ணு போட்டிருக்கு. சிவப்பு மையில.”

“என்ன, பெனிசிலினா?”

கணவர் நோட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தார்.

“நார்மல் மேடம்.”

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“யாரு அது?” என்றார் கணவர்.

“ஒரு டீச்சர்.”

கணவர் நோட்டை மூடி மேஜைமேல் வைத்தார். செருப்பைத் தேடிக்கொண்டே, “வீடு பூட்டியிருந்தா நாங்க ‘கதவு பூட்டு’ன்னு எழுதிட்டு வந்துடுவோம். யூனிட் போட மாட்டோம். போட்டா வேலை போயிடும்” என்றார். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை. வெளியே போய்விட்டார். மேடம் ‘ஒவ்வாமை’ என்ற இடத்தில் ‘இல்லை’ என்று நீல மையில் எழுதினார்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்கு மைக்கும் நெட்டையும் வந்தார்கள். நெட்டை இளைத்திருந்தாள், ஆனால் நிமிர்ந்திருந்தாள். பழுப்பு நோட்டைத் திருப்பித் தந்தார் மேடம், முதல் பக்கத்தைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளாமல். புதிய நோட்டை விரித்து, கையெழுத்துப் போட வேண்டிய இடங்களை விரலால் காட்டினார்.

நெட்டை நின்றபடியே எல்லாவற்றையும் படித்தாள். மணி ஒன்பதரை ஆயிற்று. மைக் அவள் காதில் ஏதோ சொன்னாள், கெஞ்சினாள் என்றே சொல்ல வேண்டும்.

“நான் உங்களைப் பார்த்தது ஒரு நாள்தான் மேடம். அந்த ஒரு நாளுக்குப் போடறேன்.”

“பன்னிரண்டும் இல்லைன்னா பிரின்சிபால் கேப்பாங்கம்மா. உன் வருஷம்தான் போகும்.”

“போனா போகட்டும் மேடம்” என்றாள் நெட்டை. “இன்னொரு எழுபத்திரண்டு என்னால முடியாது.”

அந்த ஒரு நாளின் பக்கத்தை எடுத்தாள். ‘ஆறுதல் அளிக்கப்பட்டது’ என்ற இரண்டு சொற்களின் குறுக்கே, அடியில் இருப்பது படிக்கத் தெரியும்படி, ஒரே ஒரு கோடு போட்டாள். பக்கத்தில் ‘பிழை’ என்று எழுதினாள். கையெழுத்து, தேதி. மேஜையைத் தட்டித் தட்டிச் சொல்லிக்கொடுத்தபடியே, ஒரு புள்ளி பிசகவில்லை. வேறொரு நோட்டு எழுத நேரம் இல்லை.

பிரின்சிபால் அம்மா நோட்டைப் பக்கம் பக்கமாகப் படித்தார். கேஸ் ஷீட்டைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தார். எல்லாத் தேதியும் ஒத்துப்போயிற்று. ஏன் ஒரே ஒரு கையெழுத்து என்று கேட்டார்.

மேடத்துக்கு நாக்கு எப்போதும் காலை வாரியதில்லை. நொந்து கிடக்கிற பிள்ளையிடம் பேனாவை நீட்ட மனம் வரவில்லை என்றார். பிரின்சிபால் தலையை ஆட்டினார். அப்புறம் அந்தக் கோட்டைக் காட்டினார்.

“அது அவளே போட்டது. எனக்கு ஆறுதல் பத்தலை மேடம்னு சொன்னா. அப்படின்னா திருத்திடும்மான்னு சொல்லிட்டேன். நம்ம ரெக்கார்டு பொய் சொல்லக் கூடாது பாருங்க.”

பிரின்சிபாலுக்குக் கண் கலங்கிவிட்டது. இருபது வருஷத்தில் இப்படி ஒரு ஆலோசனைப் பதிவை நான் பார்த்ததே இல்லை என்றார். அது மட்டும் உண்மை. நெட்டையின் பெயர் பதினோரு மணிக்குப் பட்டியலில் ஏறியது. மைக் போட்ட கூச்சல் எலும்புக்கூட்டைத் தாண்டி நூலகம் வரைக்கும் கேட்டது.

ஆண்டு விழாவில் மேடத்துக்குச் சிறந்த ஆலோசகர் என்று கேடயம் கொடுத்தார்கள். மனம் என்பது கண்ணாடி மாதிரி என்று அவர் பத்து நிமிஷம் பேசினார். பின்வரிசையில் நான்கு பேர் கைதட்டவில்லை. நெட்டை மட்டும் மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டினாள்.

அதோடு விட்டிருந்தால் மேடம் நிம்மதியாகக் காலம் தள்ளியிருப்பார். பிரின்சிபால் விடவில்லை. குளியலறை அழுகை வரைக்கும் எப்படித் தெரிந்தது என்று அவர் கேட்டதற்கு, அறைத்தோழிகளைக் கவனித்து எழுதச் சொன்னதே நான்தான் என்று மேடம் சொல்லி வைத்திருந்தார். இந்த முறை ரொம்ப நல்ல முறை, இனிமேல் விடுதியில் ஒவ்வொரு அறையிலும் மாணவிகளே ஒருவரையொருவர் கவனித்து எழுத ஒரு நோட்டு இருக்க வேண்டும், மேடம் மாதம் ஒரு முறை அதைப் பார்வையிட வேண்டும் என்று உத்தரவு போட்டார். பழுப்பு அட்டை நோட்டுகள் அறைக்கு ஒன்றாக வந்து இறங்கின.

முதல் பார்வையிடலுக்கு மேடம் வார்டனோடு போனார். முதல் அறையில் நோட்டைத் திறந்தார். அறை எண், பெயர்கள், ரத்த வகைகள். அதற்குக் கீழே சிவப்பு மையில் ஒரு வரி. மூடி வைத்தார். இரண்டாவது அறையில் திறந்தார், அதிலும் அதே வரி. மூன்றாவது அறையில் இருந்தது அந்த வருஷம்தான் சேர்ந்த பெண்கள், அவரிடம் இன்னும் ஒரு வகுப்புக்கூட உட்காராதவர்கள். அவர்கள் நோட்டில் எழுத்து இன்னும் அழகாக இருந்தது.

“என்ன மேடம் எழுதியிருக்கு?” என்று வார்டன் எட்டிப் பார்த்தார்.

“ஒண்ணுமில்லை. எல்லாம் நார்மல்.”

வாளியோடு எதிரில் வந்த நெட்டை ஒதுங்கி நின்று, குட் மார்னிங் மேடம் என்றாள். மேடம் கீழே இறங்கினார். நாலாவது அறைக்குப் போகவில்லை. மீதி அறைகளின் நோட்டுகளையும் பார்வையிட்டதாக எழுதிக் கையெழுத்துப் போட்டார். மறுநாள் அறிவிப்புப் பலகையில் அவர் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை இருந்தது: மாணவியர் இனிமேல் சிவப்பு மை பயன்படுத்தக் கூடாது.